காய்ச்சலோடு கேஷுவால்டிக்கு வருபவரை முதல் அரை மணி நேரத்தில் எப்படிப் பார்ப்பது?

இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை எங்கள் தாலுகா மருத்துவமனை கேஷுவால்டியில் காய்ச்சல்தான் பெரிய வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும், நாலைந்து நாளில் எழுந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் யாரோ ஒருவர் அன்றிரவே ஐசியூவுக்குப் போக வேண்டியவராக இருப்பார். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்காகத்தான் இந்த இழை. டாக்டர், நர்ஸ், 108, லேப் என்று யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

சமீபத்தில் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது வயதிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். பை நிறைய ரிப்போர்ட். வைடால் பாசிட்டிவ் என்று முதலில் டைஃபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டிருக்கிறார்கள். அப்புறம் பிளேட்லெட் குறைந்ததைப் பார்த்து டெங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தச் சோதனை நெகட்டிவ். எங்களிடம் வரும்போது நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கினார். ஆக்சிஜன் 86, பிபி 84/50. பெயரைக் கேட்டால் சற்று யோசித்துத்தான் சொன்னார். கண் லேசான மஞ்சள்.

உடை மாற்றிவிடும்போது எங்கள் சிஸ்டர்தான் பார்த்தார். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடத்தில், இடுப்பின் பக்கவாட்டில், பீடி சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. அங்கே ஒரு புண் இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதுதான் எஸ்கார். ஸ்கிரப் டைபஸ் என்று அதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா, புதர்ச் சிற்றுண்ணியின் லார்வா கடிப்பதால் வருகிறது. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். பாக்டீரியா ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களுக்குள் குடியேறிவிடுவதால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை, இதயம் எதையும் விடாது. செஃப்ட்ரியாக்சோன், அமிகாசின், பைபராசிலின் எதுவும் இதற்கு வேலை செய்யாது. வேலை செய்வது டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின். ஒரு வாரமாக ஊசி போட்டும் அந்த அம்மாவுக்கு ஏன் குறையவில்லை என்று இப்போது புரியும்.

ஆக்சிஜன், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின், டாக்ஸிசைக்ளின் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியிருந்தாலோ, காய்ச்சலோடு ஏதாவது ஓர் உறுப்பு தளர்ந்திருந்தாலோ, ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்னால் துணியை விலக்கி உச்சி முதல் பாதம் வரை பாருங்கள்.

வார்டு_சிஸ்டர்

டாக்டர் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். எஸ்கார் கை காலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருப்பது குறைவு. அந்தப் பூச்சி துணி இறுகும் இடத்தையும் மடிப்பான இடத்தையும்தான் தேடிப் போகும். பெண்களுக்கு மார்புக்கு அடியில், பிரா பட்டை படும் இடம், பாவாடை நாடா, அக்குள், தொடை இடுக்கு. ஆண்களுக்கு அரைஞாண் கயிறு உரசும் இடம், விதைப்பைத் தோல், பிட்டத்தின் மடிப்பு. குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். தொப்புளைத் திறந்து பார்க்கவும் மறக்காதீர்கள்.

ஈரமான மடிப்பில் கறுப்புப் பொருக்கு நிற்காது. மஞ்சளாக அடிப்பாகம் தெரிகிற ஒரு மேலோட்டமான புண்தான் இருக்கும். வியர்க்குரு முற்றிப் புண்ணாகிவிட்டது என்று நினைத்துப் பவுடர் போட்டிருப்பார்கள். அப்படிப் புண் இருந்தால் பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

வயதான பெண்கள் ஆண் டாக்டர் முன்னால் உடையை விலக்கமாட்டார்கள், அது நியாயம்தான். திரையை இழுத்துவிட்டு, "அம்மா, உடம்புல எங்கயாவது பூச்சிக்கடிப் புண் இருக்கான்னு பாக்கறேன், அத வச்சித்தான் மருந்து முடிவாகும்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் சொன்னால் ஒத்துழைக்காதவர்களை நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிட வேலை. இதை நர்ஸிங் சார்ட்டில் ஒரு வரியாகவே போடலாம்: "முழு உடல் பார்க்கப்பட்டது, புண் உண்டு / இல்லை."

சிஆர்ஆர்ஐ_24

சார், எஸ்கார் இல்லையென்றால் ஸ்கிரப் இல்லை என்று எழுதிவிடலாமா? அப்புறம், எட்டு வயதுக்குக் கீழே டாக்ஸி கொடுக்கக் கூடாது, பல் கறையாகும் என்று படித்திருக்கிறோம். கர்ப்பிணிக்கு என்ன கொடுப்பது?

இரவுப்பணி

தம்பி, எழுதவே கூடாது. எஸ்கார் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி, இல்லையென்றால் எதையும் சொல்ல முடியாது. எஸ்கார் இல்லாத ஸ்கிரப் நோயாளிகள் ஏராளம்.

பல் கறை பயம் பழைய டெட்ராசைக்ளினிலிருந்து வந்தது. டாக்ஸிசைக்ளினைக் குறுகிய காலம் கொடுத்தால் குழந்தைகளின் பல்லில் கறை வருவதில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. சந்தேகம் வலுவாக இருந்தால் குழந்தைக்கும் டாக்ஸிதான், கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் 500.

ஊசி மருந்தாக டாக்ஸி எல்லா இடத்திலும் இருக்காது. நினைவு தெளிவில்லாதவருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில் கொடுங்கள், வேலை செய்யும். விழுங்க முடிகிறவர் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தபடியே போட வேண்டும், உடனே படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் அங்கே புண்ணாகிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது.

ரொம்ப மோசமான ஸ்கிரப்புக்கு டாக்ஸி, அசித்ரோ இரண்டில் ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்ற கேள்விக்கு வேலூர் சிஎம்சி தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு பதில் சொன்னது. 2023இல் வெளியானது. கிட்டத்தட்ட 800 நோயாளிகள். இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தவர்களில் மரணம், நீடித்த சிக்கல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 33 சதவீதம். டாக்ஸி மட்டும் என்றால் 47, அசித்ரோ மட்டும் என்றால் 48. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு நான் இப்போது இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறேன்.

அளவறிந்து

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கு எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்ஸி எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே மருந்துக்கடையில் கேட்ட உடனே அசித்ரோ கிடைக்கிற நாடு இது. செஃப்ட்ரியாக்சோனை இரண்டு நாள் காய்ச்சலுக்கே போடுகிறார்கள். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் ஐசியூவில் கடைசி ஆயுதமான கோலிஸ்டினுக்கும் அடங்காத கிருமிகளோடு மல்லுக்கட்டுகிறோம். நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுப்பதுதானே முறை? எமர்ஜென்சி என்ற பெயரில் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை நாமே நியாயப்படுத்தலாமா?

இரவுப்பணி

உங்கள் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல், நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஆன்டிபயாடிக் எதுவுமே வேண்டாம். எந்தெந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்தவோட்டம் போதாமல் வருகிறவர் கணக்கு வேறு. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் தளர்வது) என்று சந்தேகம், பிபியும் விழுந்திருக்கிறது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்கிறது 2021இன் சர்வதேச வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல், ஷாக் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் மூன்று மணி நேரம்வரை ஆராயலாம் என்றும் சொல்கிறது. இந்த இடைவெளி உங்களைப் போன்றவர்கள் கேட்டுப் பெற்றது, அதை ஒழுங்காகப் பயன்படுத்துவோம்.

நம் ஊர் வழிகாட்டுதலோ வெளிநாட்டுப் பட்டியலோ, எதைப் பின்பற்றினாலும் செஃப்ட்ரியாக்சோனோ மெரோபெனமோ மட்டும் போட்டுவிட்டு செப்சிஸுக்கு வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே ஆபத்து. மெரோபெனம் ஸ்கிரப்பைத் தொடாது. விலை குறைந்த டாக்ஸி தொடும். பெரிய ஆன்டிபயாடிக்குகளை ஏற்றிக்கொண்டே போவதைத் தடுப்பதும் இந்த டாக்ஸிதான். 48 மணி நேரம் கழித்து கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை), ஐஜிஎம் (எதிர்ப்பொருள் சோதனை) முடிவுகளைப் பார்த்துத் தேவையில்லாததை நிறுத்துங்கள்.

ஒரு வேண்டுகோள்: இந்த இடத்தில் லெவோஃப்ளாக்சசினைத் தொடாதீர்கள். அது காசநோயைப் பாதி அடக்கி மறைத்துவிடும், டிபி கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

நுண்ணோக்கி

லேப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். வைடாலைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். டைஃபாய்டு பரவலாக உள்ள ஊரில், முன்பு எப்போதோ கிருமி பட்டவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும், வேறு காய்ச்சல் வந்தவருக்கும்கூட வைடால் ஓரளவு ஏறித்தான் நிற்கும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள். டைஃபாய்டா என்று தெரிய வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுத்து அனுப்புங்கள். இரண்டு பாட்டில், பெரியவர் என்றால் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். 2 மில்லி அனுப்பிவிட்டு "கல்ச்சரில் எதுவுமே வளர்வதில்லை" என்று எங்களைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்கிரப்புக்கு ஐஜிஎம் எலைசா நம்பகமானது. ஆனால் முதல் ஐந்தாறு நாள் நெகட்டிவாக வரலாம். அந்த நாட்களில் பிசிஆர் உதவும், எஸ்காரின் பொருக்கிலிருந்தே எடுக்கலாம். வெய்ல் ஃபெலிக்ஸ் பழைய சோதனை. அதில் ஓஎக்ஸ்கே என்ற அளவு நன்றாக ஏறியிருந்தால் ஒரு துப்பு, ஏறாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

டெங்குவுக்கு என்எஸ்1 முதல் ஐந்து நாள், அதற்குப் பின் ஐஜிஎம். மலேரியா ஸ்மியரை மறந்தே போகிறார்கள். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கிற பையன் காய்ச்சலோடு மயங்கி வந்தால், முதலில் மலேரியா பாருங்கள். ஃபால்சிபரம் வகை மலேரியா மூளையைப் பிடித்திருந்தால் ஆர்ட்டிசுனேட் ஊசி காத்திருக்க முடியாத மருந்து. "எந்த ஊர், எப்போ வந்தீங்க" என்ற கேள்வியை அவர்கள் மொழி தெரிந்த யாரையாவது வைத்தாவது கேளுங்கள்.

108_பைலட்டின்_நண்பன்

நான் 108இல் இஎம்டி, வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர். எங்களுக்கு லேப் கிடையாது, பரிசோதிக்கிற கருவியும் நாலைந்துதான். காய்ச்சல் கேஸில் வண்டியிலேயே நாங்கள் எதைக் கவனித்துச் சொன்னால் உங்களுக்கு உபயோகம்? போன வாரம் ஒரு கல்லூரிப் பையனை ஏற்றினோம். ஐந்தாம் நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. நன்றாகப் பேசினான், பிபி 100/80. வீட்டில் "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, எதுக்கு ஆஸ்பத்திரி" என்றார்கள். அவன் கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. வயிற்று வலி என்று சுருண்டு படுத்திருந்தான். எனக்கு மனது கேட்கவில்லை, வற்புறுத்திக் கூட்டிவந்தேன்.

பொதுமருத்துவம்_ஓய்வு

தம்பி, உங்கள் கைக்கு ஒரு கும்பிடு. அந்தப் பையன் ஷாக்கில் இருந்திருக்கிறான்.

100/80 என்று எழுதினால் பார்க்கிறவர்களுக்கு நார்மல் மாதிரித் தெரியும். மேலிருந்து கீழைக் கழியுங்கள்: 20. அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் டெங்குவில் அது ஷாக்தான். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து வெளியே கசிந்துகொண்டிருக்கிறது, உடம்பு குழாய்களைச் சுருக்கிப் பிடித்துக் கீழ் அளவைத் தூக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் கை சில்லிடுகிறது. மேல் அளவு விழும்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். கடைசி நிமிடம்வரை நினைவோடு பேசுவார்கள், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். விடாத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது, ரத்தம் கெட்டியாகிக்கொண்டே பிளேட்லெட் வேகமாக இறங்குவது, இதில் எது வந்தாலும் அட்மிஷன். எல்லோரும் பிளேட்லெட் எண்ணையே வெறித்துப் பார்க்கிறார்கள். நான் ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஹிமாட்டோகிரிட்டைப் பார்க்கிறேன். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதில் பலன் இல்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஊசி மாத்திரைகள் கூடவே கூடாது.

இனி சலைன். டெங்குவில் அளந்து கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு மணிக்கொரு முறை நாடி, பிபி வித்தியாசம், சிறுநீர் எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்கிரப்பில் நுரையீரலும் கசிகிறது. இரண்டு லிட்டரை மளமளவென்று இறக்கினால் அவரை நீங்களே மூழ்கடித்துவிடுவீர்கள். 2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடும் ரத்தவோட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு என்னை உலுக்கியது. வேகமாக நீர் ஏற்றிய குழந்தைகளில் சுமார் 10.5 சதவீதம் 48 மணி நேரத்தில் இறந்தன, மெதுவாகக் கொடுத்தவர்களில் 7.3. வென்டிலேட்டர் இல்லாத இடங்கள் அவை. நம் தாலுகா மருத்துவமனைகள் பலவும் அந்த நிலைக்கு அருகில்தான் இருக்கின்றன. அதற்காக டெங்கு ஷாக்கிலும் ஏற்றாமல் விட்டுவிடக் கூடாது. ஏற்றுங்கள், அரை மணிக்கொரு முறை நெஞ்சில் ஸ்டெத்தை வையுங்கள்.

உங்களுக்குச் சுருக்கமான பதில்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை முழு நிமிடம் எண்ணுங்கள், கை சூடா சில்லா, விரல் நுனியை அழுத்திவிட்டால் எத்தனை விநாடியில் நிறம் திரும்புகிறது, பேச்சு தெளிவா குழறலா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார். இந்த ஐந்தையும் ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சு எண்ணிக்கையை எல்லோரும் 18 அல்லது 20 என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

தாமரைக்குளம்

மருத்துவத் துறை சாராதவள். அண்ணன்மார்கள், அக்காமார்கள் பதில் சொன்னால் நல்லது. என் மாமனாருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். வயல் வேலை. கண் நன்றாகச் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை. கெண்டைக்கால் தொட்டாலே கத்துகிறார். பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், தொற்றுமா?

இரவுப்பணி

அம்மா, இதைப் படித்த உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நாளை காலை என்று தள்ளாதீர்கள். பீளை இல்லாத சிவந்த கண், கெண்டைக்கால் வலி, வயல் தண்ணீரில் நிற்கிற வேலை, இவை மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். லெப்டோஸ்பைரா என்ற கிருமி, எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகக் கால் வெடிப்பிலோ புண்ணிலோ உள்ளே போகிறது. சிறுநீர் குறைந்திருக்கிறதா, மஞ்சளாகியிருக்கிறதா, இருமலில் ரத்தம் உண்டா என்று கவனித்து, அங்கே இருக்கும் டாக்டரிடம் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். இதற்கு பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன், டாக்ஸி எல்லாமே கேட்கும். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் நல்லபடியாகிவிடும்.

குழந்தைகளுக்கு அவரிடமிருந்து ஒட்டாது, பக்கத்தில் உட்காரலாம். ஸ்கிரப் டைபஸும் அப்படித்தான், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. அவர் நிற்கிற தண்ணீரில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து.

கரையோர_நர்ஸ்

ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாத நோய்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். பரவுகிற நோய் கதவைத் தட்டும்போது நாம் எப்படி நிற்கிறோம் என்பதையும் பேச வேண்டும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்ததே, நினைவிருக்கிறதா? முதல் நோயாளி இறந்தபோது யாருக்கும் நிபா என்று தெரியாது. அதே குடும்பத்தில் அடுத்தவரும் காய்ச்சல், மூளை பாதிப்போடு வந்தபோதுதான் அங்கிருந்த ஒரு மருத்துவமனை டாக்டர்கள் "ஒரே வீட்டில் இரண்டு பேரா?" என்று நின்று யோசித்தார்கள். மாதிரிகளை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், சில நாளில் விடை கிடைத்தது. அதற்குள் மருத்துவமனைகளின் வார்டுகளிலும் வராந்தாக்களிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பரவிவிட்டது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். சிறு குழந்தைகளின் தாய். அந்தப் பரவலில் 17 பேர் இறந்தார்கள்.

அவர் பணியில் இருந்தது, நம்மைப் போலவே, காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்கள் நெருக்கியடிக்கும் ஒரு தாலுகா மருத்துவமனையில்தான். டயக்னோசிஸ் தெரிந்த பிறகு மாஸ்க் போடலாம் என்று காத்திருக்க முடியாது. இருமிக்கொண்டு வருபவருக்கு வாசலிலேயே ஒரு மாஸ்க் கொடுங்கள். காற்றோட்டமான ஜன்னலோரம் ஒரு பெஞ்ச் போட்டு உட்கார வையுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போதும் நெபுலைசர் கொடுக்கும்போதும் நாம் என்95 போட வேண்டும். கேட்கிறவர்களிடம் "ஸ்டாக் இல்லை" என்று சொல்லும் நிர்வாகத்தோடு சண்டை போட்டாவது வாங்குங்கள். ஒரே வீட்டில், ஒரே தெருவில், ஒரே விடுதியில் இருந்து இரண்டாவது ஆள் அதே அறிகுறியோடு வந்தால் அன்றைக்கே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். பிறகு வெறும் வைரஸ் காய்ச்சல் என்று தெரிந்தாலும் பரவாயில்லை.

சிஆர்ஆர்ஐ_24

இன்னொரு சந்தேகம். காய்ச்சலோடு குழப்பமாகப் பேசுகிறவருக்கு முதலில் சிடி எடுக்கிறார்கள். எங்கள் இடத்தில் சிடிக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சலாக இருந்தால் சிடி, முதுகுத்தண்டு நீர் எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்தா?

பொதுமருத்துவம்_ஓய்வு

இல்லை. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்த நிமிடம் பிளட் கல்ச்சர் எடு, டெக்சாமெத்தசோன் 10 மில்லிகிராம் போடு, உடனே செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், கூடவே வான்கோமைசின். ஐம்பது வயதுக்கு மேல் என்றாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றாலோ ஆம்பிசிலினும் சேர். அப்புறம் ஆம்புலன்ஸில் ஏற்று. மருந்து போன பிறகு எடுத்தாலும் முதுகுத்தண்டு நீரில் செல், புரதம், சர்க்கரை எல்லாம் இன்னும் கதை சொல்லும். வலிப்பு வந்தவர், ஒரு பக்கக் கை கால் விழுந்தவர், நினைவு நன்றாக மங்கியவர், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர், கண்ணுக்குள் பார்வை நரம்பின் முனையில் வீக்கம் உள்ளவர் ஆகியோருக்கு மட்டும்தான் நீர் எடுப்பதற்கு முன் சிடி அவசியம். நம் ஊரில் முதலில் சொன்ன மருந்துகளோடு டாக்ஸியையும் சேர்த்துவிடு, ஸ்கிரப்பும் இதே மாதிரி வரும். சர்க்கரை அளவை விரலில் குத்திப் பார்ப்பதை மறந்துவிடாதே.

கழுத்து விறைப்பு இல்லை என்பதால் விட்டுவிடாதே. காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வருகிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. வயதானவர்களிடம் குழப்பம் மட்டும்தான் தெரியும். இன்னொன்று: வாயில் சாராய வாடை அடிக்கிறது என்பதால் ஒருவரை மூலையில் கிடத்திவிடாதே. தெர்மாமீட்டர் வை. குடித்தவருக்கும் மூளைக்காய்ச்சல் வரும், அவர்களுக்குத்தான் கூடுதலாக வரும்.

அளவறிந்து

இந்த இழையில் என் எதிர்ப்பைப் பாதி விலக்கிக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கோரிக்கை: முதல் டோஸ் போட்டவர், எந்த நோயை நினைத்துப் போட்டார், எப்போது மறுபரிசீலனை என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். "டாக்ஸி, ஸ்கிரப் சந்தேகம், 48 மணி நேரத்தில் ஐஜிஎம் பார்த்து முடிவு" என்று ஒரு வரி போதும். அது இல்லாததால்தான் கேஷுவால்டியில் தொடங்கியது வார்டில் பத்து நாள் ஓடுகிறது.

வார்டு_சிஸ்டர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. முழு உடல் பார்த்த வரிக்குக் கீழே இந்த வரியையும் சேர்த்து, வருகிறவரை முதலில் பார்த்து வகை பிரிக்கும் டிரையாஜ் தாளில் அச்சடிக்கக் கேட்கப் போகிறேன். மூச்சு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "முழு நிமிடம் எண்ணப்பட்டது" என்று ஒரு கட்டமும் வேண்டும்.

தாமரைக்குளம்

நேற்றிரவே கூட்டிப் போய்விட்டோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.8க்கு ஏறியிருக்கிறது என்றார்கள், அட்மிட் செய்து பென்சிலின் போடுகிறார்கள். வயல் வேலை என்று நான் சொல்வதற்கு முன்பே அங்கிருந்த டாக்டரம்மா கெண்டைக்காலைத்தான் அழுத்திப் பார்த்தார். சிறுநீரை அளந்து வைக்கச் சொல்லி ஒரு ஜாடி கொடுத்திருக்கிறார்கள். பாத்ரூமில் போனதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

வார்டு_சிஸ்டர்

பாத்ரூமுக்கு அனுப்பாதீர்கள் அம்மா, ரெண்டு நாளைக்கு ஒவ்வொரு முறையும் அந்த ஜாடியிலேயே போகச் சொல்லுங்கள். நேரமும் அளவும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், குடித்த தண்ணீரும் கஞ்சியும் பக்கத்து வரிசையில். ஆறு மணி நேரத்துக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் டியூட்டி சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.